விலை குறைந்த எல்.இ.டி ஃப்ளட்லைட்டை வைத்து வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்க முடியுமா?

முடியும். சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் இரண்டடித் தொட்டி நான்கு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. கடை வாசலில் மாட்டுகிற அதே ஃப்ளட்லைட்தான். 30 வாட் வெள்ளை ஒன்று, 30 வாட் நீலம் ஒன்று. பவளத்துக்கென்றே விற்கிற விளக்கின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இரண்டுக்கும் சேர்த்து ஆகவில்லை. (மிச்சம் பிடித்த காசையும் அதற்கு மேலும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி விழுங்கியது வேறு கதை. இந்த ஊர் வெக்கையில் தண்ணீரை 26 டிகிரியில் வைக்க வேறு வழியில்லை.)

பவளத்தின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் சமைப்பதில்தான் பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பகுதி கிடைக்கிறது. அந்தப் பாசிகள் அதிகம் உறிஞ்சுவது 400 முதல் 500 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள நீலத்தை. இங்கேதான் மலிவு விளக்கு கைகொடுக்கிறது. வெள்ளை எல்.இ.டி என்பதே 450 நானோமீட்டர் பக்கம் எரியும் நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். 6500 கெல்வின் ‘கூல் ஒயிட்’ வாங்கினால் வேண்டிய நீலம் அதிலேயே ஓரளவு இருக்கும். 3000 கெல்வின் ‘வார்ம் ஒயிட்’ வாங்கிவிடாதீர்கள். நீலத்தில் பெரும்பங்கு மஞ்சளாக மாறிப்போயிருக்கும், தொட்டியும் டிக்காஷன் ஊற்றியது போலத் தெரியும்.

இனி நான் செய்த தவறு. தண்ணீருக்கு ஒன்றரை அடி மேலே விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தேன். மாலையில் நீலம் மட்டும் எரியும்போது தொட்டி மங்கலாகத் தெரிந்தது. கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலியைப் போட்டுப் பார்த்தால் அதுவும் குறைவாகவே காட்டியது. பாவம், பவளத்துக்கு வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று இரண்டு விளக்கையும் அரை அடிக்கு இறக்கினேன். பத்தே நாளில் மேல்தட்டில் இருந்த ஹாமர் பவளம் சுருங்கி, பழுப்பு போய் வெளுத்துவிட்டது.

நம் கண்ணுக்கு நீலம் சரியாகப் பிடிபடாது. லக்ஸ் என்ற அளவே மனிதக் கண்ணை வைத்து உண்டானது என்பதால் அதுவும் நீலத்தைக் குறைத்தே காட்டும். வெள்ளை விளக்கில் சுமார் 70 லக்ஸுக்கு ஒரு பார் அலகு (பார் என்பது பாசி சமைக்கப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) என்று தோராயமாகக் கணக்குப் போடலாம், நீலத்தில் அந்தக் கணக்கு செல்லவே செல்லாது. போதாததற்கு, அரை அடி ஆழத்தில் இருந்த ஹாமருக்கு நான் தூரத்தைப் பாதியாக்கியிருந்தேன். அப்படியென்றால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்கு. அளவுக்கு மீறி வெளிச்சம் பட்டால் பாசிக்குள் கேடு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். பவளம் தாங்காமல் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுப்பது அதனால்தான். அதைத் தொட்டியின் அடியில், கல்லின் நிழலில் வைத்து, வாரம் இருமுறை உறைந்த மைசிஸ் இறால் ஊட்டினேன். பழைய நிறம் திரும்ப மூன்று மாதமாயிற்று.

இந்த விளக்குகளில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்காது, உயரம்தான் உங்கள் ரெகுலேட்டர். உயரத்தில் தொடங்கி வாரத்துக்கு ஓர் அங்குலம் இறக்குங்கள். டைமரில் எட்டு மணி நேரம் போதும். பார் மீட்டர் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. மஷ்ரூம், லெதர் வகைகளுக்கு 50 முதல் 100, ஹாமர், டார்ச்சுக்கு 150 வரை. அக்ரோபோராவுக்கு 250க்கு மேல் வேண்டும், அதுவும் தொட்டி முழுக்க ஒரே சீராக. அதற்கு இந்த விளக்கை நான் சொல்ல மாட்டேன்.

நீல விளக்கை வளர்ச்சிக்காக மட்டும் வாங்கவில்லை, அழகுக்காகவும்தான். பவளத்தில் உள்ள ஒளிரும் புரதங்கள் நீலத்தை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பித் தரும். வெறும் வெள்ளையில் அதே பவளம் பழுப்பாக அசடு வழியும்.

வாங்கும்போது ‘டி.ஓ.பி’ (டிரைவர் ஆன் போர்டு) வகையைத் தவிருங்கள். அதில் 230 வோல்ட் மின்சுற்றும் எல்.இ.டி சில்லும் ஒரே அலுமினியத் தகட்டில் இருக்கும். டிரைவர், அதாவது மின்சாரத்தை எல்.இ.டிக்கு ஏற்ப மாற்றித் தரும் பகுதி, தனியாக உள்ளதே நல்லது. ஐ.பி.65 என்று போட்டிருந்தாலும் அது தூசிக்கும் தெறிக்கும் தண்ணீருக்கும்தான், உப்புக்கு அல்ல. என் முதல் விளக்கின் திருகுகள் ஆறே மாதத்தில் துருப்பிடித்தன. விளக்கின் உடலுக்கு எர்த் கட்டாயம், லைனில் மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி கட்டாயம். ஒயர் பிளக்குக்குப் போகும் வழியில் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், சொட்டும் நீர் அங்கேயே விழுந்துவிடும். கண்ணாடியில் படியும் உப்பை வாரம் ஒருமுறை, விளக்கை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.

கேட்டவர் எந்த ஊர் என்று சொல்லவில்லை. தூத்துக்குடியில் இருக்கும் என் மச்சான் இந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு, “ஊருக்கு வரும்போது ஒரு துண்டு கொண்டு வாங்களேன்” என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். கல் பவளங்கள் சைட்டீஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. இந்தியாவிலோ 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் கரை ஒதுங்கிய துண்டை எடுத்து வீட்டில் வைத்தாலும் வழக்குதான். நீங்கள் இந்தியாவில் இருந்தால், விளக்குக் கடைக்குப் போகும் முன் வனத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.