சம்பளம் எங்கே கரைகிறது? குடும்பச் செலவு: வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் டவுன் பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டோம். பிள்ளைகளின் முட்டையிலும் பருப்பிலும் கை வைக்கச் சொல்லும் யோசனை எதுவும் இதில் இருக்காது. அதற்கு முன்னால் அடைக்க வேண்டிய ஓட்டைகள் வீட்டில் நிறைய இருக்கின்றன.

கேள்வி: கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. மாதச் சாமான் முழுவதையும் பக்கத்துக் கடையில் 555 புத்தகத்தில், அதாவது கடன் கணக்குப் புத்தகத்தில், எழுதித்தான் வாங்குகிறோம். சம்பளம் வந்ததும் 600 வெள்ளி (ரிங்கிட்) அப்படியே கடைக்குப் போய்விடுகிறது. மறுநாளே திரும்ப எழுத ஆரம்பிக்கிறோம். இதிலிருந்து மீள வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் ஒரே மாதத்தில் மீள முடியாது. "இனிமேல் கடனே வேண்டாம்" என்று புத்தகத்தை மூடுகிறவர்கள் பதினைந்தாம் தேதி அதைத் திரும்பத் திறக்கிறார்கள். காரணம் எளிது. பழைய பாக்கியைக் கட்டியதும் கையில் காசு இல்லை, ஆனால் அரிசி வேண்டும்.

முதல் மாதம் எதையும் குறைக்காதீர்கள். புத்தகத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் எடையும் விலையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். "சாமான் 38.40" என்று மொத்தமாக எழுதுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து, பிள்ளைகள் ஓடிப்போய் எழுதிவிட்டு வாங்கி வந்தவற்றைச் சிவப்பு மையால் சுழியுங்கள்: டின் பானம், சிப்ஸ், ஐஸ்கிரீம், மாலை நேர பிஸ்கட். பிறகு ஒரு சட்டம் போடுங்கள். புத்தகத்தில் பெரியவர் ஒருவர் மட்டுமே எழுத வேண்டும். கடைக்காரரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

இதிலிருந்தும் கரண்ட் பில்லிலிருந்தும் (அடுத்த பதிலைப் பாருங்கள்) மாதம் 75 ரிங்கிட் மிஞ்சினால் போதும். அந்த 75 ரிங்கிட்டுக்கு அந்த மாதச் சாமானை ரொக்கமாக வாங்குங்கள். புத்தகத்தில் 525 மட்டுமே ஏறும். அடுத்த சம்பளத்தில் 525 கட்டியதும் 75 கையில் நிற்கும், புதிதாக மிஞ்சிய 75 சேர்ந்தால் ரொக்கம் 150 ஆகும், கடன் 450 ஆகிவிடும். இப்படியே போனால் எட்டாவது மாதம் புத்தகம் காலி. இடையில் கல்யாணம், காதுகுத்து என்று ஒரு செலவு வந்தால் ஒரு மாதம் தள்ளிப் போகட்டும், திட்டத்தைக் கைவிட வேண்டாம்.

ரொக்கம் கையில் வந்ததும் முதலில் வாங்க வேண்டியவை விலைக் கட்டுப்பாட்டில் உள்ள சாமான்கள்தான். பாக்கெட் சமையல் எண்ணெய் கிலோ 2 ரிங்கிட் 50 சென். சாதாரணச் சீனி கிலோ 2 ரிங்கிட் 85 சென். உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ மூட்டை 26 ரிங்கிட். இவை எல்லா நாளும் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. சரக்கு வந்த நாளில் ரொக்கத்தோடு நிற்கிறவருக்குத்தான் கிடைக்கும். கடனில் வாங்குகிறவர் அன்று கடையில் என்ன இருக்கிறதோ, அதை அந்த விலைக்கே எடுக்க வேண்டியிருக்கிறது. மைகாட் அடையாள அட்டையில் அரசின் சாரா உதவித்தொகை பெறுகிறவர்கள் அதை அரிசி, எண்ணெய், முட்டை போன்றவற்றுக்கே முதலில் செலவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் ஆறு பேர். ஏர்கான் இல்லை. ஆனாலும் கரண்ட் பில் சில மாதம் 80, சில மாதம் 100 வெள்ளிக்குப் பக்கம் வருகிறது. மீட்டர் பழுதாக இருக்குமா?

பதில்: மீட்டரைச் சந்தேகப்படும் முன் யூனிட் எண்ணிக்கையைப் பாருங்கள். 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள கட்டண முறையில் வீடுகளுக்கு ஒரு யூனிட்டின் அடிப்படை விலை 44.43 சென். குறைவாகப் பயன்படுத்தினால் அதில் தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடி மாத மொத்த யூனிட்டைப் பொறுத்தது: 200 வரை யூனிட்டுக்கு 25 சென், 251 முதல் 300 வரை 22.5 சென், 301 முதல் 350 வரை 21 சென், 351 முதல் 400 வரை 17 சென். எல்லையைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, மொத்த யூனிட்டுக்கும் தள்ளுபடி இறங்கிவிடும்.

விளைவைப் பாருங்கள். சிறு வரிகள் நீங்கலாக 350 யூனிட்டுக்கு 82 ரிங்கிட். 351 யூனிட்டுக்கு 96 ரிங்கிட்டுக்கு மேல். ஒரே ஒரு யூனிட்டுக்கு 14 ரிங்கிட்! உங்கள் வீடு இந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் மாறி மாறி விழுகிறது என்றே நினைக்கிறோம்.

ஆகவே 300 யூனிட்டை இலக்காக வையுங்கள், அதாவது நாளைக்கு 10 யூனிட். தினமும் இரவு ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணை நாள்காட்டியில் எழுதுங்கள். இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்தால் அன்றைய செலவு தெரிந்துவிடும். பத்தைத் தாண்டிய நாளில் என்ன ஓடியது என்று அன்றைக்கே நினைவிருக்கும்.

எங்கே குறைப்பது? பலரும் விளக்கை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டுகிறார்கள். பத்து வாட் எல்இடி விளக்கு ஆறு மணி நேரம் எரிந்தாலும் 0.06 யூனிட்தான். பெரிய தீனி சூடு தரும் சாதனங்களுக்கே போகிறது. குளியலறை வாட்டர் ஹீட்டர் 3.6 கிலோவாட் என்றால் பத்து நிமிடத்துக்கு 0.6 யூனிட். ஆறு பேர் அப்படிக் குளித்தால் ஒரு நாளில் 3.6 யூனிட், மாதம் 108. பெரியவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டாலே நீங்கள் 300-க்குள் வந்துவிடலாம்.

அடுத்தது ரைஸ் குக்கர். சோறு வெந்தபின் 'வார்ம்' நிலையில் 40 வாட் என்று வைத்துக்கொண்டாலும் 20 மணி நேரத்துக்கு 0.8 யூனிட், மாதம் 24. வெந்து கால் மணி கழித்துச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இரவுக்கு மிஞ்சும் சோற்றை ஆறவிட்டு ஐஸ் பெட்டியில் வைத்து, வேண்டும்போது நன்றாகச் சூடாக்குங்கள்.

ஐஸ் பெட்டிக் கதவில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் தாள் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். அழுக்குதான் காரணமென்றால் சோப்பு நீரில் துடைத்தாலே சரியாகும். விறைத்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: கேஸ் தோம்பு (சிலிண்டர்) இருபது நாளில் தீர்ந்துவிடுகிறது. குறைத்து நிரப்பித் தருகிறார்களோ?

பதில்: தோம்பின் கழுத்து வளையத்தில் வெறும் தோம்பின் எடை பொறிக்கப்பட்டிருக்கும். வந்த அன்றே எடை போட்டு அதைக் கழித்தால், 14 கிலோ தோம்பில் 14 கிலோ வர வேண்டும். தீபகற்ப மலேசியாவில் கேஸ் கிலோ 1 ரிங்கிட் 90 சென், 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 சென். வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி தனி.

எடை சரியென்றால் கசிவைப் பாருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் நுரைய அடித்து, வால்வு, ரெகுலேட்டர், குழாயின் இரு முனைகள் எல்லாவற்றிலும் தடவுங்கள். குமிழி பெருகினால் அங்கே கசிவு. நெருப்புக் குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாசனை வந்தால் வால்வை மூடி, கதவைத் திறவுங்கள். எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். குழாய் விறைத்து வெடிப்பு விட்டிருந்தால் ஒட்டுப் போட்டுச் சமாளிக்காதீர்கள். சிக்கனம் பார்க்கும் இடம் அது அல்ல.

தீ மஞ்சளாக எரிந்து சட்டியின் அடி கரியாகிறதா? பர்னர் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. தலைப்பகுதியைச் சுடுநீரும் சோப்பும் கலந்து ஊறவைத்து, ஊசியால் குத்தி, ஈரம் முழுக்கப் போனபின் பள்ளத்தில் சரியாக உட்கார வையுங்கள். கோணலாக உட்கார்ந்தால் ஒரு பக்கம் மட்டும் எரியும்.

துவரம் பருப்பை அரை மணி ஊறவையுங்கள். பிரஷர் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள். இல்லாவிட்டால் நுரை பொங்கி வெயிட்டை அடைக்கும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துப் பத்து நிமிடம், பிறகு அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கட்டும். குக்கருக்குள் அழுத்தம் வந்த பிறகு பெருந்தீயில் ஐந்தாறு விசில் விடுவது கேஸை ஆவியாக வெளியே ஊதுவதுதான். பருப்பு அதனால் சீக்கிரம் வேகாது.

கேள்வி: தீபாவளிக்குச் சேர்க்க, வாட்ஸ்அப்பில் ஒருவர் நடத்தும் கூட்டில் (சீட்டில்) சேரலாமா? மாதம் 100 வெள்ளி.

பதில்: வேண்டாம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதி தடைச் சட்டப்படி குற்றம். நடத்துகிறவர் காணாமல் போனால், கட்டிய காசுக்கு உங்கள் கையில் இருப்பது வாட்ஸ்அப் செய்தி மட்டும். அதே 100-ஐ ஏடிஎம் கார்டு வாங்காத தனி வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த அன்றே போடுங்கள்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாரத்துக்கு வாங்கும் காய்கறியில் பாதி அழுகிவிடுகிறது.

பதில்: கழுவிவிட்டு உள்ளே வைப்பதுதான் முக்கியக் காரணம். ஈரத்தோடு கட்டிவைத்த கீரை இரண்டு நாளில் கொழகொழவென்றாகிவிடும். கழுவாமல், பழைய நாளிதழில் சுருட்டி வையுங்கள். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி, தாள் விரித்த டப்பாவில் போடுங்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் வைத்தால் கிழங்கு சீக்கிரம் முளைவிடும்.

வாரத்தின் முதல் மூன்று நாள் கீரை, வெண்டை, பயற்றங்காய். பின் நாட்களுக்கு முட்டைக்கோஸ், பூசணி, கேரட். வாங்கும்போதே இந்த வரிசையை மனதில் வைத்து வாங்குங்கள். தேங்காய்ப்பால் மிஞ்சினால் அன்றே ஐஸ் அச்சில் ஊற்றி உறையவைத்துப் பையில் போட்டு வையுங்கள். உருகும்போது பால் பிரிந்து தெரியும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். கொதிக்கும் குழம்பில் கடைசியில் போட்டுக் கிளறினால் சேர்ந்துவிடும். கங்கோங் கீரையின் அடித்தண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் சில நாளில் வேர் விடும். கொல்லையில் ஈரமான இடத்தில் நட்டுவிடலாம்.

கேள்வி: தண்ணீர் பில் திடீரென்று ஏறிவிட்டது. எங்கும் ஒழுகுவதாகத் தெரியவில்லை.

பதில்: எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரை அரை மணி கவனியுங்கள். ஓடினால் கசிவு உண்டு. கழிவறைத் தொட்டியில் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை போட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி விடுங்கள். கீழே நிறம் இறங்கியிருந்தால் தொட்டியின் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறது. வன்பொருள் கடையில் வாங்கி நீங்களே மாற்றலாம். பழைய ரப்பரைக் கையோடு எடுத்துப் போங்கள், அளவு மாறினால் பொருந்தாது.