அழித்த கோப்பில் பெயர் மிஞ்சுமா?

கேள்வி: அலுவலக முறைகேடு ஒன்றைப் பற்றிப் பெயர் சொல்லாமல் புகார் தர விரும்புகிறேன். வேர்டில் எழுதி, என் பழைய பென் டிரைவில் போட்டுக் கொடுக்கலாமா? அதிலிருந்த கோப்புகளை அழித்துவிட்டேன். அமெரிக்காவில் ஒரு தொடர் கொலையாளி இப்படித்தான் சிக்கினான் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். அந்தப் பென் டிரைவைக் கொடுத்துவிடாதீர்கள்.

கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா பகுதியில் 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்றவன் டென்னிஸ் ரேடர். அடங்கிக் கிடந்தவன் 2004இல் மறுபடி கடிதம் எழுதத் தொடங்கினான். பிளாப்பியில் (பென் டிரைவுக்கு முன்பு கோப்புகளைச் சேமிக்கப் பயன்பட்ட தட்டையான தகடு) அனுப்பினால் கண்டுபிடிக்க முடியுமா என்று போலீஸாரையே கேட்டான்! ஒன்றும் ஆகாது என்று நாளிதழின் வரி விளம்பரத்தில் பதில் வந்தது. நம்பிவிட்டான்.

2005 பிப்ரவரியில் ஊதா நிற பிளாப்பி ஒன்று தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்துசேர்ந்தது. அதில் அழிக்கப்பட்டிருந்த வேர்ட் கோப்பு ஒன்றைப் போலீஸார் மீட்டனர். உள்ளே 'கிறைஸ்ட் லூத்தரன் சர்ச்' என்ற பெயர். கடைசியாகச் சேமித்தவர், 'டென்னிஸ்'. இணையத்தில் தேடியதும் அந்தத் தேவாலய நிர்வாகக் குழுத் தலைவரின் முழுப்பெயர் கிடைத்துவிட்டது.

பெயரை வைத்துக் கைது செய்துவிட முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினரின் பழைய மருத்துவப் பரிசோதனை மாதிரியை நீதிமன்ற ஆணையுடன் பெற்று, கொலை நடந்த இடத்தில் கிடைத்த டிஎன்ஏவுடன் ஒப்பிட்டனர். உறவு பொருந்தியது. பிப்ரவரி 25இல் கைது, ஜூனில் ஒப்புதல், ஆகஸ்டில் ஒன்றன்பின் ஒன்றாக 10 ஆயுள் தண்டனைகள். 175 ஆண்டுகள் கழிந்தால்தான் பரோல் என்ற பேச்சே எழும். கொலை நடந்த காலத்தில் கான்சஸில் மரண தண்டனை இல்லை.

இனி உங்கள் விஷயம். கோப்பை அழிப்பது, பொருளடக்கத்தில் ஒரு வரியை அடிப்பது போன்றது, பக்கம் கிழிவதில்லை. அதே இடத்தில் வேறு தரவு எழுதப்படும்வரை மீட்டெடுக்க வாய்ப்புண்டு. பெயரோ நீங்கள் தட்டச்சு செய்ததே அல்ல. வேர்டில் பதிவாகியிருக்கும் பயனர் பெயர் சேமிக்கும்போது தானாகவே ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே புதிய பென் டிரைவ் வாங்குங்கள். அலுவலகக் கணினியைத் தொடவே வேண்டாம். வேர்டில் கோப்பு மெனுவின் தகவல் பக்கத்தில் ஆவணத்தைப் பரிசோதிக்கும் வசதி இருக்கிறது. எழுதியவர் பெயரை அதுவே நீக்கித்தரும். பிடிஎஃப் ஆக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். பெயர் அதிலும் கூடவே வரலாம். தாளில் தருவதானால் கறுப்பு வெள்ளை அச்சு நல்லது. வண்ண லேசர் அச்சுப்பொறிகள் பல, கண்ணில் படாத மஞ்சள் புள்ளிகளாகத் தம் வரிசை எண்ணையும் சேர்த்தே அச்சிடுகின்றன.