விலங்கு நலன் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். விலங்கு நலன் பற்றி ஐந்து பீரியட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் விலங்குகளை வதைக்கும் ஒரு வீடியோவைக் காட்டினேன். இரண்டு பேர் அழுதார்கள், பின் பெஞ்சில் நான்கு பேர் சிரித்தார்கள், ஒரு மாணவன் எழுந்து "அப்போ கறி சாப்பிடவே கூடாதா மிஸ்?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. மீதி நான்கு பீரியடை எப்படிக் கொண்டுபோவது?

பதில்: முதலில் அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேசிவிடலாம், உங்களை அதுதான் அதிகம் வருத்தியிருக்கும். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண் கலங்குவது பதினைந்து வயதில் பெரிய அவமானம், அதை மறைக்கச் சிரிப்புதான் சட்டென்று கைக்கு வரும். நானும் ஆரம்பத்தில் அப்படிச் சிரித்த ஒருவனை வெளியே நிற்க வைத்திருக்கிறேன்; இன்றுவரை அது என் மனதை உறுத்துகிறது. அந்த நான்கு பேரையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி அந்த மாதிரி வீடியோ வேண்டாம். பார்க்கவே கொடூரமாக இருக்கிறது என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமாக, விலங்குக்குக் கெடுதல் செய்பவன் எங்கோ இருக்கும் ஒரு கெட்டவன் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். உண்மையில் நாம் பார்க்கும் பல கஷ்டங்கள் பாசமாக வளர்ப்பவர்கள் கையிலேயே நடக்கின்றன: கூட்டமாக வாழும் முயலைத் தனியாகக் கூண்டில் வைப்பது, நாய்க்கு மூச்சு வாங்குகிற அளவுக்குத் தீனி போடுவது, இப்படி. அங்கே தெரியாமைதான் காரணம், அதைத்தான் வகுப்பறையில் சரி செய்ய முடியும்.

அதனால் இரண்டாவது பீரியடில் பிள்ளைகளுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிப்பிடித்திருக்கும் படம் ஒன்றைக் காட்டி, நாய் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். "சந்தோஷமா இருக்கு" என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். அப்புறம் குழந்தையின் முகத்தைக் கையால் மறைத்துவிட்டு நாயை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறதா, கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறை மாதிரி தெரிகிறதா, காது பின்னால் படிந்திருக்கிறதா, வாய் இறுக மூடியிருக்கிறதா? இவை சேர்ந்து வந்தால் நாய் அந்த இடத்தை விட்டு நகர விரும்புகிறது என்று அர்த்தம். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவதும், எதிரே சாப்பாடு இல்லாதபோது உதட்டை நக்குவதும் இதே கணக்கில் சேரும். பல்லைக் காட்டும் சிம்பன்சி படம் கிடைத்தால் அதையும் காட்டுங்கள். நமக்குச் சிரிப்பாகத் தெரிவது பெரும்பாலும் பயத்தில் பல்லைக் காட்டுவது. அன்றைய வீட்டுப்பாடம், ஏதாவது ஒரு விலங்கையோ பறவையையோ பத்து நிமிடம் தள்ளி நின்று பார்த்து, 30 நொடிக்கு ஒரு முறை அது என்ன செய்கிறது என்று எழுதிவருவது. "சோகமாக இருந்தது" என்று எழுதக் கூடாது, "தலையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது" என்று எழுத வேண்டும். இந்த ஒரு விதியில் மட்டும் கறாராக இருங்கள். பார்த்தது வேறு, அதிலிருந்து நாம் ஊகித்தது வேறு என்பது பிடிபட்டுவிட்டால் மீதிப் பாடம் எளிது.

மூன்றாவது பீரியட் எனக்கு மிகவும் பிடித்தது. ஆளுக்கு ஒரு ஏ4 தாள் கொடுத்து, குறுகிய ஓரத்தில் 3.5 செ.மீ. மடிக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவது ஏறக்குறைய 550 சதுர செ.மீ. கூண்டில் அடைத்து வளர்க்கும் முட்டைக் கோழி ஒன்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2003 முதல் விதித்த குறைந்தபட்ச இடம் அவ்வளவுதான்; அந்த வெறும் கூண்டுகளை 2012இல் தடையே செய்தது. பழுப்புக் கோழிகளை மேலிருந்து படமெடுத்து அளந்த ஓர் ஆய்வில், ஒரு கோழி உடம்பைத் திருப்புவதற்கே சராசரியாக இரண்டு ஏ4 தாள் இடமும், சிறகடிக்க மூன்று தாள் இடமும் பிடித்தது. நீங்கள் எதுவும் பேச வேண்டாம். மடித்த தாளைத் தரையில் வைத்து அதன் பக்கத்தில் முழுத்தாள் மூன்றை விரிக்கச் சொல்லுங்கள், போதும்.

ஆனால் நம் கண்ணுக்குப் படுவதும் சில நேரம் தப்பாகிவிடும் என்பதையும் அதே பீரியடிலேயே சொல்லிவிட வேண்டும். பிரிட்டன் அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965 அறிக்கையில் கோழிக்கூண்டின் தரைக்கு மெல்லிய அறுகோணக் கம்பிவலை ஆகாது என்றது. கால் வலிக்கும் என்று நினைப்பது இயல்புதானே. 1973இல் இரண்டு ஆய்வாளர்கள் எந்தத் தரை வேண்டும் என்று கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டார்கள், அவை அந்த மெல்லிய வலையில்தான் போய் நின்றன. அதேபோல 2001இல் வெளியான ஓர் ஆய்வில், மிங்க் என்ற சிறு விலங்குகள் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு கனமான கதவைத் தள்ளிப் போக வேண்டியிருந்தது. பொம்மை, சுரங்கம், இன்னொரு கூடு எல்லாம் இருந்தும், மிக அதிகமாக உழைத்தது நீந்தும் தொட்டிக்காகத்தான். தொட்டியை மூடியபோது, தீனி கிடைக்காதபோது ஏறுவது போலவே அவற்றின் உடலில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறியது. விலங்கிடமே கேட்க முடியும், கேட்கும் முறையைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு இங்கே புரியும். யாராவது ஒருவர் "இனிப்பைக் கொடுத்தால் நானும்தான் இனிப்பை எடுப்பேன், அது எனக்கு நல்லதா?" என்று கேட்டால் மகிழ்ச்சியடையுங்கள், அருமையான கேள்வி அது. விரும்புவதும் நலமும் எப்போதும் ஒன்றாக இருக்காது, அதனால்தான் உடல்நலத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

விலங்கு நலனுக்கான ஐந்து சுதந்திரங்களை (பசி தாகம், அசௌகரியம், வலியும் நோயும், பயம் ஆகியவற்றிலிருந்து விடுதலை, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு) இதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதினால் போதும். 1979இல் வந்த பட்டியல் அது. 1994இல் டேவிட் மெல்லரும் ரீடும் கொண்டுவந்த ஐந்து புலங்கள் முறை (உணவு, சூழல், உடல்நலம், நடத்தை, மனநிலை என்று ஐந்தாகப் பிரித்துப் பார்ப்பது) இன்னும் ஒரு படி மேலே போய், இன்று விலங்கு மகிழ்ச்சியாக இருக்கிறதா என்றும் கேட்கிறது. முதல் நாளே இதை மனப்பாடம் செய்ய வைத்தால் பரீட்சையோடு மறந்துவிடுவார்கள்.

சரி, கறி கேள்விக்கு வருவோம். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள், நான்காவது பீரியடையே அதற்குக் கொடுங்கள். கேள்வி இரண்டு என்று பிரித்துக் காட்டுங்கள். விலங்கை மனிதர்கள் பயன்படுத்தலாமா என்பது ஒன்று, அது உரிமை பற்றிய கேள்வி. பயன்படுத்தும்வரை அது எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்பது இன்னொன்று, அதுதான் நலன். முதல் கேள்வியில் வகுப்பு இரண்டாகப் பிரியும், பிரியட்டும். இரண்டாவதில் கறி சாப்பிடுபவருக்கும் சாப்பிடாதவருக்கும் ஒரே அளவு வேலை இருக்கிறது. விவாதம் வைத்தால் ஒவ்வொருவரும் தான் ஒப்புக்கொள்ளாத பக்கத்துக்காகப் பேச வேண்டும். உங்கள் சொந்த நிலையைக் கடைசிவரை சொல்லாமல் இருப்பது நல்லது, கேட்டால் "விவாதம் முடிந்த பிறகு சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், பிறகு சொல்லியும் விடுங்கள். எந்தப் பிள்ளையும் தன் வீட்டுச் சாப்பாட்டுக்காகத் தலை குனிந்து வெளியே போகக் கூடாது, இதில் எனக்குச் சமரசமே இல்லை.

வகுப்புக்கு உயிருள்ள விலங்கைக் கொண்டுவரலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். சத்தம், நாற்பது கைகள், புது இடம் என்று அதற்கு எல்லாமே பயம், பாடத்துக்கே முரண். உடலறுத்துப் பார்க்கும் செய்முறை உங்கள் பள்ளியில் இருந்தால், ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1959இல் சொன்ன மூன்று விதிகளை அறிமுகப்படுத்த அதுவே நல்ல இடம்: விலங்குக்குப் பதில் வேறு வழி, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைப்பது, அதையும் முடிந்த அளவு வலியில்லாமல் செய்வது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாடம் எடுத்தால் ஏதாவது ஒரு பிள்ளை "எங்க வீட்டுல நாயை அடிப்பாங்க" என்று சொல்லும், அல்லது தானே செய்ததைச் சொல்லும். எல்லோர் முன்னாலும் தொடர்ந்து கேட்காதீர்கள். "சொன்னதுக்கு நன்றி, மணி அடிச்சதும் பேசலாம்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே பேசுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் விலங்கு அடிபடும் வீட்டில் சில நேரம் மனிதர்களும் அடிபடுகிறார்கள், ஆலோசகரிடமோ தலைமை ஆசிரியரிடமோ நீங்கள் போக வேண்டி வரலாம்.

ஐந்தாவது பீரியடில் தேர்வாக ஒரு முயல் கூண்டின் படத்தைக் கொடுங்கள்: ஒற்றை முயல், கம்பித் தரை, ஒளிய இடமில்லை, தட்டு நிறையத் தீனி. என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை, முதலில் எதை மாற்றுவாய், மாற்றியது முயலுக்குப் பிடித்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்? இரக்கத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். நான்காவது கேள்விக்குப் பாதி மதிப்பெண் வையுங்கள், பின் பெஞ்ச் நால்வரின் தாள்களை முதலில் திருத்துங்கள்.