உங்கள் அறையும் சேர்ந்து பாடுகிறது

கேள்வி: கோத்தகிரியில் புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீடு. பாட்டு கேட்கவென்றே மாடியில் 14-க்கு 14 அடியில் ஓர் அறை, உயரம் 10 அடி. பின்சுவரை ஒட்டிய சோபாவில் உட்கார்ந்தால் பாஸ் கிடார் சில சுரங்களில் மட்டும் கும்மென்று வீங்குகிறது. எழுந்து அறை நடுவில் நின்றால் பாஸே காணோம். சுவரில் ஒட்டிய இரண்டு அங்குல ஸ்பாஞ்சும் மழையில் பூஞ்சை பிடித்துவிட்டது. கடையில் ‘ரூம் கரெக்‌ஷன்’ பெட்டி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 14 அடி என்பது 4.27 மீட்டர், அதன் இரு மடங்கால் 340-ஐ வகுத்தால் 40 ஹெர்ட்ஸ் வருகிறது. எதிரெதிர் சுவர்களில் முட்டித் திரும்பி வீங்குவது அந்தச் சுரம்தான். பாஸ் கிடாரின் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவது 41. உயரத்துக்கும் இதே கணக்கைப் போட்டால் 56, அடுத்த கம்பியோ 55! உங்கள் கொத்தனார் பாஸ் கிடார் வாசிப்பவரோ என்னவோ. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் அந்த 40 இரண்டு பக்கமும் சேர்ந்து வீங்குகிறது. சுவரோரம் அழுத்தம் அதிகம், நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். நீங்கள் கேட்டது அப்படியே இதுதான்.

ஸ்பாஞ்ச் போனதற்கு வருத்தப்படாதீர்கள். காற்று அசைகிற இடத்தில்தான் அது ஒலியைக் குடிக்கும். சுவரை ஒட்டி காற்று அசைவதே இல்லை. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர், அதற்கு இரண்டு அங்குலம் எம்மாத்திரம்?

கடையில் சொல்லும் பெட்டி, டிராக், ஆடிஸி மாதிரியானவை, பெயரில் அறையைத் திருத்தினாலும் உண்மையில் திருத்துவது ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலை. மைக் வைத்து அளந்து, வீங்கும் சுரத்தை முன்கூட்டியே குறைத்து அனுப்பும். அந்த வேலையை நன்றாகவே செய்யும், அளந்த இருக்கையில் மட்டும். பாஸ் காணாமல் போகும் பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது. 10 டெசிபல் ஏற்ற ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், ஏற்றினாலும் சுவரில் பட்டுத் திரும்பி வருவதும் அதே அளவு ஏறி அதை அழித்துவிடும்.

அறையையே தொடுகிற கருவியும் உண்டு. மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த பெட்டி, மூலையில் நின்று அழுத்தத்தை விழுங்கும். ஆர்சிஏ நிறுவனத்தின் ஹாரி ஓல்சனும் எவரெட் மேயும் 1953-லேயே எழுதிவைத்த யோசனை. இன்று சுவிட்சர்லாந்தின் பிஎஸ்ஐ ஆடியோ ‘ஆவா’ என்று விற்கிறது, சுமார் 15 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும், உங்கள் ஆம்ப்போடு ஒரு ஒயரும் வேண்டாம். பஞ்சு இல்லாததால் நம் ஊர் ஈரத்துக்கு எனக்குப் பிடித்த யோசனைதான், ஆனால் ஒன்றின் விலையே லட்சத்தைத் தாண்டும்! கரண்ட் போனால் அதுவும் சும்மா பெட்டி. அப்போது பாட்டும் இருக்காது, சரி.

அதனால் சோபாவை நாலைந்து அடி முன்னால் இழுங்கள். வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை. அப்புறம் பாஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபரை முன்சுவரின் நடுவில் வையுங்கள், அதே மாதிரி இன்னொன்றைப் பின்சுவரின் நடுவில். இரண்டும் ஒன்றாகத் தள்ளினால் அந்த இரண்டு 40-களும் எழும்பவே எழும்பாது. என்னைக் கேட்டால் மலிவான திருத்தும் கருவி அந்த இரண்டாவது சப்வூஃபர்தான். உயரத்தால் வரும் 56 மிச்சமிருக்கும், அதைக் குறைக்க மட்டும் பெட்டி வாங்குங்கள். அளக்க ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்ற கணினி மென்பொருள் இலவசம். மைக்குக்கு மட்டும் செலவு செய்யுங்கள், போன் மைக்கை இவ்வளவு தாழ்ந்த சுரத்தில் நம்ப முடியாது.

கேள்வி: ஊட்டியில் பழைய பங்களா, பலகைத் தரை, தகரக் கூரை. எனக்கு இந்தக் கும் தொல்லையே இல்லையே, ஏன்?

பதில்: பலகையும் மச்சும் தாமே அதிர்ந்து பாஸைத் தின்றுவிடுகின்றன, மீதி ஜன்னல் இடுக்கில் வெளியே போகிறது. ஓசியில் கிடைத்த பாஸ் டிராப், அதாவது பாஸை விழுங்கும் பொறி. ஆம்ப்பில் தானாக அளக்கும் வசதி இருந்தால் மழை நிற்கும்வரை பொறுங்கள். நான் ஒருமுறை ஜூலையில் அவசரப்பட்டு அளந்தேன், தகரத்துச் சத்தம் மைக்கில் ஏறி, அந்த வாரம் முழுக்கப் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வந்தது.