மூன்று சென்ட்

வணக்கம் சார்,

நில அளவர் வேலையில் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. 32 வருடம் இதே வேலையில் இருந்தவர் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். போன வாரம் அண்ணன் தம்பி இருவருக்கு அத்து, அதாவது வயல் எல்லை, காட்டப் போனேன். 1983 பத்திரத்தில் 1 ஏக்கர் 3 சென்ட். பட்டாவில் 0-40.5, அதாவது 0 ஹெக்டேர் 40.5 ஏர். இரண்டு தடவை அளந்தும் 1 ஏக்கர்தான் வந்தது. தம்பி எல்லார் முன்னாலும் "அண்ணன்கிட்ட எவ்வளவு வாங்கினே?" என்று கேட்டுவிட்டார். அன்று இரவு தூங்கவில்லை. காலையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் நின்றிருந்தேன். ஒதுங்க இடம் இல்லை என்பதால் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. செயற்கைக்கோளை வைத்து இடத்தைக் குறிக்கிற டிஜிபிஎஸ் கருவி முழுசாக வந்துவிட்டால் இந்தச் சண்டையே இருக்காது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். நிஜமா சார்? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் தண்ணீர் குடியுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. நாங்கள் எல்லாம் மரத்தடியில் ஒதுங்கிவிட்டு வந்தவர்கள். இன்று இவ்வளவு பெண்கள் இந்த வேலைக்கு வந்த பிறகும் களத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு கழிப்பறைக்கு வழி யோசிக்கப்படவில்லை என்பது எனக்குக் கோபமாக இருக்கிறது. கிராமத்துக்குப் போனதும் பள்ளிக்கூடமோ விஏஓ அலுவலகமோ எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை.

சரி, அந்த 3 சென்ட்டுக்கு வருவோம்.

ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். பட்டாவில் உள்ள 40.5 ஏர் ஏறக்குறைய 100 சென்ட். நீங்கள் அளந்ததும் அதுதான். ஆகவே பட்டாவும் நிலமும் ஒத்துப்போகின்றன, பத்திரம்தான் தனியாக நிற்கிறது. யுடிஆர் என்று ஊரே சொல்கிற பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1979ல் தொடங்கி 1987 வரை நடந்தது. உங்கள் பத்திரம் அதற்கு நடுவில் எழுதப்பட்டது. பத்திரம் எழுதியவர் நிலத்தை அளந்து எழுதியிருக்க மாட்டார். அதற்கு முந்தைய பத்திரத்தைப் பார்த்து எழுதியிருப்பார், அதை எழுதியவர் அதற்கும் முந்தையதைப் பார்த்திருப்பார். நடுவில் வாய்க்காலுக்கோ வண்டிப்பாதைக்கோ நிலம் போயிருந்தால் அதை யாரும் கழித்திருக்க மாட்டார்கள். நூறு மீட்டர் நீளமுள்ள வயலில் 3 சென்ட் என்பது 1.2 மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை. ஒரு சின்ன வாய்க்காலும் அதன் கரையும் போதும். சண்டை அந்த நாலடிக்குத்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கிருந்து அளக்க ஆரம்பித்தீர்கள்? வரப்பிலிருந்து ஆரம்பித்திருந்தால் நீங்கள் அளந்தது வரப்பைத்தான். வரப்பு வருடா வருடம் மண்வெட்டி போகிற பக்கம் நகரும். பக்கத்து சர்வே எண்களில் அசையாமல் இருக்கிற பழைய கற்களை முதலில் தேடுங்கள். குறைந்தது மூன்று. அவற்றுக்கு இடையில் உள்ள தூரத்தைப் புலப்படத்தோடு, அதாவது சர்வேயில் போட்ட அளவுப் படத்தோடு, ஒத்துப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகுதான் சண்டை நடக்கிற வயலுக்குள் கால் வைக்க வேண்டும். கல் கிடைப்பது லேசு இல்லை என்று எனக்குத் தெரியும். டிராக்டர் பிடுங்கிப் போட்டிருக்கும், கருவேலம் மூடியிருக்கும், துணி துவைக்கிற கல்லாகவும் பார்த்திருக்கிறேன். நிலத்துக் கல்லைப் பாதுகாப்பது நிலத்துக்காரரின் பொறுப்பு என்று 1923ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. அதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு பெரியவருடைய 2 ஏக்கரை அளந்து 198 சென்ட்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். படத்தில் இருந்ததைவிட எல்லாக் கோடும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தது. எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்தால் குறை நிலத்தில் இல்லை, சங்கிலியில் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. 66 அடிச் சங்கிலியில் 100 கண்ணி. வளையங்கள் தேய்ந்து தேய்ந்து, மொத்தத்தில் அரைக் கண்ணி நீண்டிருந்தது, அதாவது நான்கு அங்குலம். நீளத்தில் நூற்றுக்கு அரை போனால் பரப்பில் நூற்றுக்கு ஒன்று போகும். 200 சென்ட்டில் 2 சென்ட். அந்த 2 சென்ட்டுக்காக அந்தப் பெரியவர் பக்கத்து வயல்காரரோடு நான்கு மாதம் பேசவில்லை. நான் திரும்பப் போய் இருவரையும் வரப்பில் உட்கார வைத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். 1802ல் பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலேய நில அளவர் லாம்டன், மற்ற அளவுக்கெல்லாம் அடிப்படையான ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்க 57 நாள் எடுத்துக்கொண்டார். சூட்டில் இரும்பு நீளும் என்பதற்காகச் சங்கிலியை மரத்தொட்டியில் கிடத்தி, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து அளந்தார். பயிற்சியில் இதைப் படித்துவிட்டு வந்தவன்தான் நானும். காலையில் என் சங்கிலியைச் சரிபார்க்க எனக்குப் பத்து நிமிடம் இல்லாமல் போனது.

டிஜிபிஎஸ் பற்றிக் கேட்டீர்கள். நல்ல கருவி, வரட்டும். வானம் திறந்திருக்கிற இடத்தில் ஓரிரு சென்டிமீட்டருக்குள் சொல்லிவிடும், தென்னந்தோப்புக்குள் தடுமாறும். ஆனால் நாம் தேடுவது பழைய புலப்படத்தில் இருக்கிற எல்லையை. அந்தப் படம் கண்ணிக் கணக்கில் போட்டது. ஒரு கண்ணி சுமார் 20 சென்டிமீட்டர். முழுக் கண்ணியாக எழுதிய ஒரு கோட்டை எந்தக் கருவியை வைத்தும் அதைவிட நுணுக்கமாக மீட்க முடியாது. நீங்கள் நிற்கிற இடம் எது என்று கருவி சொல்லும். 1900களில் ஒருவர் கல் நட்ட இடம் எது என்பதைக் கல்லும் படமும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். சண்டை குறையும், தீராது என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம், அந்தத் தம்பி கேட்ட கேள்வி. உங்களுக்கு வலித்தது நியாயம். ஆனால் அப்படிக் கேட்க அவருக்கும் அனுபவம் இருந்திருக்கும், நம் ஆட்களில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பதில் பேசுவதை நிறுத்திவிட்டு முறையை மாற்றிக்கொண்டேன். அளப்பதற்கு முன்னால் படத்தில் உள்ள அளவுகளை இரண்டு தரப்புக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். டேப்பின் ஒரு முனை அண்ணன் கையில், மறுமுனை தம்பி கையில். எண்ணை அவர்களே வாசிக்க வேண்டும், நான் எழுதுவேன். தன் வாயால் சொன்ன எண்ணை மறுக்க மனுஷனுக்குக் கஷ்டம். டீ குடித்தால் இரண்டு வீட்டிலும், இல்லையென்றால் எந்த வீட்டிலும் வேண்டாம். கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்று எழுதுங்கள். யாருக்கு உரிமை என்று மட்டும் வாய் திறக்காதீர்கள். அது சிவில் கோர்ட் சொல்ல வேண்டியது. பதிவில் உள்ள எல்லை தரையில் எங்கே வருகிறது என்று காட்டுவதோடு உங்கள் வேலை முடிந்தது.

அந்தத் தம்பியிடம் இன்னொரு தடவை போய் மூலப்பத்திரத்தைக் கேளுங்கள். சக்குபந்தியில், அதாவது நான்கு பக்க எல்லையையும் எழுதியிருக்கிற பகுதியில், வாய்க்கால் எந்தப் பக்கம் இருக்கிறது, வயலுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.