டர்போ வாங்கலாமா? இன்ஜின் பயங்களுக்குப் பதில்

கே: ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி 1.5 டர்போ பெட்ரோல் கார் புக் பண்ணப் போகிறேன். "டர்போ எல்லாம் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டாது" என்கிறார் மாமா. (கோவை)

ப: டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி. மாமா ஏறிப் போகிற டீசல் டாக்சியிலும் அதுதான் இருக்கிறது. இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று ஓடவில்லையா?

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இந்த இன்ஜினில் 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) 1,600 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வந்துவிடும். அந்தத் தைரியத்தில் ஆறாவது கியரிலேயே, ஆர்பிஎம் அடியில் கிடக்கும்போது, லாரியை முந்த ஆக்சிலேட்டரை முழுதாக மிதிப்பவர்கள் உண்டு. அப்போது பிஸ்டன் ஓரத்தில் தேங்கிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி, ஸ்பார்க் வருவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளலாம். எல்எஸ்பிஐ (லோ ஸ்பீட் ப்ரீ-இக்னிஷன்) என்பார்கள். சம்மட்டி அடி மாதிரி இறங்கும், பிஸ்டனே உடைந்துபோகலாம். இரண்டு கியர் இறக்கிவிட்டு மிதியுங்கள், அவ்வளவுதான்.

கே: அப்படியென்றால் ஆயிலில் எதைப் பார்க்க வேண்டும்?

ப: மேனுவலில் உள்ள கிரேடும், கம்பெனி சொல்லும் அப்ரூவல் எண்ணும். எல்எஸ்பிஐ சோதனை 2020-இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) எஸ்பி ஆயில் தரத்திலேயே உண்டு. டப்பாவில் பழைய எஸ்எம், எஸ்என் என்று மட்டும் இருந்தால், விலை குறைவு என்றாலும் வேண்டாம்.

கே: டல்லாஸில் இருக்கிறேன். புது டொயோட்டா ஜிஆர் 86 மேல் ஆசை. ஆயில் பம்ப்பில் பசை அடைக்கிறது என்கிறார்களே?

ப: பேச்சு பொய்யில்லை. 2.4 லிட்டர் பாக்ஸர் இன்ஜின் (பிஸ்டன்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும்), டர்போ கிடையாது, 228 குதிரைத்திறன். மூடிகளை ஒட்ட கேஸ்கெட்டுக்குப் பதிலாகப் பசைதான் போடுகிறார்கள். அது கூடுதலாகப் பிதுங்கினால் உள்ளே உதிர்ந்து, ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையில் போய் ஒட்டுகிறது. சம்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றிய சிலர் அந்தத் துணுக்குகளைப் படம் பிடித்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒட்டிய எல்லா இன்ஜினும் போய்விடவில்லை. ரேஸ் ட்ராக்கில் நீண்ட வலது வளைவுகளில் ஆயில் பிரஷர் இறங்குவது தனிப் பிரச்சினை. என்னைக் கேட்டால் அதுதான் பெரியது. ஆபீஸுக்கும் வார இறுதி ஹைவேக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ட்ராக் டே (ரேஸ் ட்ராக்கில் சொந்தக் காரை ஓட்டும் நாள்) போவதாக இருந்தால் ஆயில் பிரஷர் கேஜ் ஒன்று மாட்டிவிட்டுப் போங்கள்; வாரன்டி விதிகளையும் முதலில் படித்துவிடுங்கள்.

கே: ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் போடலாமா?

ப: புதுக் காரா? டேங்க் மூடியில் ஈ20 ஸ்டிக்கர் இருந்தால் கவலையை விடுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையும்.

கே: வாரன்டி இருக்கும்போதே ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் மென்பொருளை மாற்றுவது) பண்ணலாமா? பழைய மேப்பைத் திரும்பப் போட்டுவிட்டால் தெரியாது என்கிறார் ட்யூனர்.

ப: அவர் சொல்வார், பில் கட்டப்போவது அவரில்லை. இசியூவில் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற கணக்கு பல கார்களில் பதிவாகும். பழையதைத் திரும்பப் போடுவதும் அதில் ஒன்று கூடும்.

கே: நாளை டெலிவரி. இன்ஜினில் என்ன பார்ப்பது?

ப: காலையிலேயே போங்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பானெட்டைத் திறந்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்து, மட்டத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோமீட்டரில் சமதளத்தில், காலைக் குளிரில் இன்னொரு படம். மட்டம் இறங்கியிருந்தால் குடிக்கிறது. ஏறி, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால், குட்டிக் குட்டி ஓட்டத்தில் பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. இரண்டு படத்தையும் சர்வீஸ் அட்வைசரிடம் காட்டி, ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.