ஸ்பெக்ட்ரம் கெட்டுப்போகவில்லை, கவலை வேண்டாம்

பழைய கணினிகளைத் தொட்டு இயக்கவிடும் அருங்காட்சியகத்தில், ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியில் 'பிரிண்ட்' (திரையில் காட்டு) என்று அடித்ததும் குப்பையாக வந்தது, கெடுத்துவிட்டேனோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. 1982-இல் வந்த அந்த ரப்பர் விசைக் கணினியில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்கக் கூடாது. மினுக்கும் கர்சரைப் பாருங்கள். அது 'கே' (K) என்று காட்டினால், பி (P) விசையை ஒருமுறை தட்டினாலே முழு பிரிண்ட் கட்டளையும் வந்துவிடும். நீங்கள் தொடர்ந்து மற்ற எழுத்துகளையும் அடித்திருப்பீர்கள். 'பிரிண்ட் ரிண்ட்' என்று நின்றிருக்குமே! எனக்கும் முதல் தடவை அதேதான்.

அடுத்த வாரம் மகளோடு போகும்போது இப்படிச் செய்யுங்கள்: 10, பி விசை, மேற்கோளுக்குள் அவள் பெயர், என்டர். அப்புறம் 20, ஜி (G) விசை, 10, என்டர்; இது '10-ஆம் வரிக்குத் திரும்பிப் போ' என்பது. கடைசியாக, நிரலை ஓட்ட ஆர் (R) விசை, என்டர்; அவள் பெயர் திரும்பத் திரும்ப வரும். மேற்கோள் குறிக்கு சிம்பல் ஷிஃப்ட் விசையோடு பி. திரை நிறைந்ததும் 'ஸ்க்ரோல்?' என்று கேட்கும்; ஒய் (Y) விசையைத் தட்டினால் தொடரும், 'என்' (N) விசை நிறுத்திவிடும்.

தவறாக அடித்தால் அது பழுதாகாது. கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் பேசிக் என்ற நிரல் மொழி, மின்சாரம் போனால் அழியும் ராம் நினைவகத்தில் அல்ல, அழியாத ரோம் நினைவகத்தில் இருக்கிறது. ஆனால் பக்கத்துக் கணினிகளில் வட்டு இயக்கியின் விளக்கு எரியும்போது மட்டும் வட்டை உருவாதீர்கள்.